உமிக்கூரையும் உச்சிப் பூசையும்

கடவுளுக்குப் பயந்து நடக்கிறவள் என்று முரசுமோட்டையில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது அரைவாசிதான் உண்மை. எனக்குக் கடவுளுக்கும் பயம், பல்லிக்கும் பயம், வங்கியில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கையெழுத்து வைக்கவும் பயம், என் சம்பந்திக்கும் பயம். இந்த நாலிலும் கடவுள் ஒருவர்தான் என்னைத் திருப்பி வெருட்டாதவர்.

இத்தனை பயமும் ஒன்றாகச் சேர்ந்து, ஏழு வருடத்துக்கு முன்னால், இருபத்தாறு நாள் ஒரே அறையில் என்னோடு குடியிருந்தன. அந்தக் குடியிருப்புக்குக் கூரை போட்டவளும் நான்தான். (வேறு யாரிலாவது பழியைப் போட வழி இருக்கிறதா என்று இத்தனை நாளும் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.)

எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஓட்டு வீடு. பக்கத்தில் நாங்களாகவே இறக்கிக் கட்டிய அறைக்கு மட்டும் தகரம். என் ஒரே மகள் தர்சினி தலைப்பிள்ளைக்காக எங்களிடம் வரவிருந்தாள். அவளுக்கென்று அந்த அறையைத்தான் ஒதுக்கியிருந்தோம். அதைப் பார்க்க நெளுக்குளத்திலிருந்து சம்பந்தி, அதாவது மருமகனின் தாயார், பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில் வந்தார். உள்ளே கதிரையில் ஐந்து நிமிடம் இருந்தார். சேலைத் தலைப்பால் விசிறினார்.

"சம்பந்தி, இது அறையோ, பாண் வேகிற போறணை அடுப்போ?"

"பங்குனி வெயில்தானே. பின்னேரம் நல்ல காத்து வரும்."

"மத்தியானம் வேகிற பிள்ளை பின்னேரம் வரைக்கும் பொறுத்துக்கொண்டு கிடக்குமோ? எங்கட வீட்டிலை ஏசி பூட்டின அறை சும்மா கிடக்கு. பிள்ளை பிறந்த கையோட ரெண்டு பேரையும் நாங்கள் கூட்டிக்கொண்டு போறம்."

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் வழக்கத்தைவிட வேறொன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் தர்சினி தவழ்ந்ததெல்லாம் தறப்பாள் கொட்டிலுக்குள். அந்த வெக்கையில் முதுகு முழுக்க வேர்க்குருவோடு கத்திக்கொண்டிருந்த பிள்ளையை, மட்டையால் விசிறி விசிறியே வளர்த்தவள் நான். அவளுடைய பிள்ளைக்காவது ஒரு குளிர்ந்த கூரை போட்டுக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். அதை என் யோசனையிலேயே செய்யவேண்டும் என்றும் நினைத்தேன். பிழை தொடங்கியது அந்த இரண்டாவது நினைப்பில்.

கனடாவில் இருக்கிற தம்பியிடம் போனில் சொல்லி அழுதேன். அவன் தன் வீட்டுக் கூரைக்குள் ஏறி, போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். முழங்கால் உயரத்துக்கு ஏதோ பஞ்சு.

"அக்கா, இதுதான் விசயம். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலை பஞ்சு. காத்துப் போற ஓட்டை எல்லாத்தையும் அடைச்சிருக்கிறம். வெளியிலை என்ன நடந்தாலும் உள்ளை தெரியாது."

"இஞ்சை பஞ்சுக்கு எங்கையடா போறது?"

"உங்கை நெல்லாலைதானே திரும்பின பக்கமெல்லாம். உமியும் வெக்கையை மறிக்கும்தான்."

தம்பி அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும்தான். மறுநாளே இவரை, அதாவது என் வீட்டுக்காரரை, உழவு மெசினோடு ஆலைக்கு அனுப்பினேன். பன்னிரண்டு சாக்கு உமி வந்து இறங்கியது.

சீலிங் அடிக்க ஓடாவியார் வந்தார். (எங்கள் பக்கத்தில் தச்சு வேலைக்காரரை அப்படித்தான் சொல்வோம்.) மெல்லிய பலகைச் சீற்றுகளை அடித்து முடித்தார். சாக்குகளை மேலே ஏற்றுவதற்காகத் தகரம் ஒன்றையும் கழற்றி வைத்தார். பிறகு ஏணியில் நின்றபடி சொன்னார்:

"அக்கா, சீற்று மெல்லிசு. சாக்கைக் குவிச்சுப் போடாதேங்கோ, உமியை மெல்லிசாப் பரவி விடுங்கோ. தகரத்துக்குக் கீழை சூடான காத்து வெளியிலை போக இடுக்கும் விடவேணும். முழுக்க அடைக்காதேங்கோ."

"ஓம் ஓம்" என்றேன். அவர் தேத்தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போனதும், மேலே நின்ற இவரிடம் சாக்குகளைப் பிரிக்காமலே அடுக்கச் சொன்னேன். பரவினால் எலி கொண்டுபோய்விடும் என்பது என் கணக்கு. அறை முழுக்க ஒரு அடுக்கு. கட்டிலுக்கு நேர் மேலே மட்டும் இரண்டு அடுக்கு. பிள்ளை படுக்கிற இடம் அல்லவா, அங்கே குளிர்ச்சி கூட இருக்கட்டும் என்று.

தகரத்தைத் திரும்ப அடித்துவிட்டு ஓடாவியார் போனார். பிறகு நானே ஏணியில் ஏறினேன். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கு முழுவதையும் பழந்துணி வைத்து, சீமெந்து குழைத்துப் பூசி அடைத்தேன். ஒரு ஈர்க்குப் போக இடம் வைக்கவில்லை. இறங்கி நின்று பார்த்தபோது, ஏதோ கோபுரமே கட்டி முடித்தவள் மாதிரி இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் தர்சினிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சொன்னால் நம்பவேண்டும், அறை உண்மையாகவே குளிர்ந்திருந்தது. சம்பந்தி வந்து பார்த்தார், சுவரைத் தொட்டார், ஒன்றும் சொல்லாமல் போனார். சம்பந்தி ஒன்றும் சொல்லாமல் போனதை அன்றுதான் முதலில் கண்டேன். நாலு நாள் அந்தப் பெருமையிலேயே எனக்குப் பசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம். வயல் தொங்கலில் இருக்கிற நாகதம்பிரான் கோயிலில் உச்சிப் பூசை மணி கேட்டது. தர்சினி குளித்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். மணி ஓய்ந்தது. தலைக்கு மேலே மெதுவாக ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

நின்றது. பிறகு தகரத்தில் ஒரு "டிக்". திரும்பவும், ஸ்ஸ்ஸ்ஸ்.

எனக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. (தம்பி சொன்ன குளிர்ச்சி இல்லை.) அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. போன மாரியில், கொட்டுகிற மழைக்குள், ஒரு நல்லபாம்பு அந்த அறைச் சுவரால் ஏறி இடுக்குக்குள் போனதை என் கண்ணாலேயே கண்டவள் நான். நாகதம்பிரானின் ஆள் என்று கும்பிட்டுவிட்டு, வந்த வழியால் போகட்டும் என்று இருந்துவிட்டோம். அது போனதா? நான் பார்க்கவில்லை. சீலிங் அடித்தபோதும் ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை. அந்த இடுக்கைத்தான் சீமெந்து பூசி அடைத்திருக்கிறேன்.

அன்று பின்னேரம், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் மணி திரும்பவும் அடித்தது. மேலே திரும்பவும் ஸ்ஸ்ஸ்ஸ். மறுநாளும் அதேதான். உச்சிப் பூசைக்கு ஒரு தரம், மாலைப் பூசைக்கு ஒரு தரம். பூசை நேரம் பிசகாமல் சீறுவது சாதாரணப் பாம்பாக இருக்க முடியுமா?

மற்ற நாளென்றால் ஒரு செம்பு பாலோடு கோயிலுக்கு ஓடிப்போய், தெரியாமல் செய்துவிட்டேன் என்று விழுந்திருப்பேன். ஆனால் பிள்ளைப்பேற்றுத் துடக்கு முப்பத்தொரு நாள். அதுவரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, சாமி விளக்கு ஏற்றக் கூடாது, படைக்கக் கூடாது. சாமியையே அடைத்து வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் இருபத்தாறு நாள் இருக்கவேண்டும். கூரையைத் திறக்கவும் பயம். திறக்கிற நேரம் அது பிள்ளைக்கு மேலே விழுந்தால்? வெளியில் சொல்லவும் பயம். சொன்னால் அடுத்த மணித்தியாலம் நெளுக்குளத்து வாகனம் படலை வாசலில் வந்து நிற்கும்.

ஆகவே ஒருவருக்கும் சொல்லாமல், என் சிற்றறிவுக்கு எட்டியதைச் செய்தேன். பாம்புக்கு உள்ளிப்பூண்டு மணம் ஆகாது என்று கேள்விப்பட்டிருந்தேன். கட்டிலின் நாலு காலிலும், யன்னல் கம்பியிலும், கதவு நிலையிலும் உள்ளியைக் கோத்துக் கட்டினேன்.

தர்சினி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"உள்ளி பிள்ளை. பால் ஊறும்."

"தின்னவெல்லோ வேணும்? கட்டிலுக்கும் பால் ஊறுமோ?"

"மணந்தாலும் ஊறும். பேசாமல் குடு."

பத்தாம் நாள்போல இன்னொன்றைக் கண்டேன். கட்டிலுக்கு நேர் மேலே சீலிங் கொஞ்சம் கீழே வந்திருந்தது. ஒரு அப்பச் சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இல்லை, நிமிர்த்தி வைத்த மாதிரி. பதினைந்தாம் நாள் அது சோற்றுப் பானை அளவாகிவிட்டது. அதுதான் சுருண்டு படுத்திருக்கிற இடம் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் ஏன் பெருக்கிறது? இரையெடுக்கிறதா? அல்லது, அம்மாளாச்சி, அதற்கும் பேறுகாலமா?

அன்று கட்டிலை மூலைக்கு இழுக்கப் பார்த்தேன். "அங்கை மேசைக் காத்தாடிக் காத்து படாதம்மா" என்று தர்சினி திரும்ப நடுவுக்கே தள்ளுவித்தாள். அன்றிலிருந்து நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு, மேலே பார்த்தபடியே கிடந்தேன். பிள்ளை அழுதால் மேலே இருப்பவர் கோபிப்பார் என்று பயம். பிள்ளை அழாவிட்டால் பிள்ளைக்கு என்னவோ என்று பயம். வாய்க்குள் தேவாரம். கையில் திருநீறு, பூச முடியாமல், துடக்கு என்று பொத்திப் பிடித்தபடி. இந்தப் பயத்தில் சாப்பிடும் சோறு செமிக்கவில்லை. நான் மெலிந்துபோனேன். பார்க்க வந்தவர்கள் பிள்ளை பெற்றவள் யார் என்று கேட்கவில்லையே தவிர, என்னைத்தான் இரக்கமாகப் பார்த்தார்கள்.

இருபதாம் நாள் பொறுக்க முடியாமல் இவரைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பொறுமையாகக் கேட்டார்.

"இஞ்சேர், நான் மேலை எலி ஓடுறதைக் கேட்டனான். பாம்பு இருந்தா எலி இருக்குமே?"

"எலி இருந்தாத்தானே பாம்பு வரும்."

"சரி. சீலிங் தொங்கிறதையும் பாத்தனான். ஓடாவியாரைக் கூப்பிட்டு ஒருக்காத் திறந்து பாப்பம்."

"வேண்டாம். துடக்கு வீட்டிலை அவரைக் குழப்பிப்போட்டு ஆர் பதில் சொல்லுறது? முப்பத்தொண்டு கழியட்டும். பிறகு பாலும் பழமும் வைச்சு, மரியாதையா அனுப்புவம்."

"ஓடாவியாரையோ?"

"நாகதம்பிரானை."

இவர் மாடு அவிழ்க்கப் போய்விட்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் என்னோடு எந்த இடத்தில் பேச்சை நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அன்று ஒருநாளாவது நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.

இதற்கிடையில் சம்பந்தி ஒவ்வொரு நாளும் போன் எடுத்தார்.

"பிள்ளைக்கு வேர்க்குரு போட்டிட்டுதோ?"

"ஒரு பொட்டும் இல்லை சம்பந்தி. குளுகுளுவெண்டு நித்திரை." (மேலே ஸ்ஸ்ஸ்ஸ்.)

"என்ன சத்தம் அது?"

"தாளிக்கிறன்."

"நேற்றும் இதே நேரம் தாளிச்சனியள்."

"நெடுகத் தாளிக்கிறனாங்கள்."

முப்பத்தோராம் நாள் விடிந்தது. காலையில் ஐயர் வந்து வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்துத் துடக்குக் கழித்துவிட்டுப் போனார். பிள்ளையைக் குளிக்க வார்த்து, நெற்றியில் பொட்டு வைத்து, விறாந்தையில் கட்டிய புது ஏணைத் தொட்டிலில் முதன்முதல் கிடத்தினோம். தர்சினியும் மருமகனும் ஏணைக்குப் பக்கத்தில் இருந்து ஆட்டினார்கள். நான் குசினியில் ஒரு செம்பில் பால் காய்ச்சி ஆறவைத்திருந்தேன். ஆட்கள் சாப்பிட்டுப் போனதும் கோயிலுக்குப் போய், திரும்பி வந்து கூரையைத் திறப்பதாக ஏற்பாடு. இன்னும் இரண்டு மணித்தியாலம் தாங்கினால் போதும்.

எல்லோருக்கும் பந்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், காலையிலேயே வந்திருந்த சம்பந்தியைக் காணவில்லை.

"மாமி அறைக்குள்ளை போயிட்டா. அந்த உமிக் குளிர்ச்சியைத் தானும் ஒருக்காப் பாக்கப் போறாவாம்" என்றாள் தர்சினி.

கோயிலில் உச்சிப் பூசை மணி அடிக்கத் தொடங்கியது.

அறை வாசலுக்கு ஓடினேன். சம்பந்தி கட்டிலில் நீட்டி நிமிர்ந்து, கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருடைய வயிற்றுக்கு நேர் மேலே அந்தப் பானை. சொன்னால் என் மகளும் பேத்தியும் இன்றைக்கே போய்விடுவார்கள், இனி எந்தப் பேறுக்கும் என் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள். சொல்லாவிட்டால்? ஒரு நிமிடம், உண்மையைச் சொல்கிறேன், ஒரு முழு நிமிடம் நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடத்துக்காக இன்றும் எனக்கு வெட்கம்.

டிக். ஸ்ஸ்ஸ்ஸ்.

ஓடிப்போய் அவருடைய காலைப் பிடித்து இழுத்தேன்.

"சம்பந்தி, எழும்புங்கோ. மேலை நல்லபாம்பு. நான்தான் அடைச்சு வைச்சிருக்கிறன்."

கத்திக்கொண்டு வெளியே ஓடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார், மேலே பார்த்தார், சத்தத்தைக் கேட்டார். வாசலடிக்கு வந்ததும், சேலையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் முழங்காலில் விழுந்தார். கைகளைத் தலைக்கு மேலே கூப்பினார்.

"நாகதம்பிரானே, சின்னப் பிள்ளை இருக்கிற வீடப்பா."

என் சம்பந்தி என்னைவிடப் பயந்தவர் என்பது அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் முழங்காலில், தோளோடு தோள் ஒட்டிக் கும்பிட்டோம்.

சத்தம் கேட்டு இவர் வந்தார். கையில் வீடு கூட்டுகிற நீளத் தும்புத்தடி.

"அடிச்சுப் போடாதேங்கோ, அது சாமி" என்றேன்.

"அடிக்கேல்லை. தொட்டுத்தான் பாக்கிறன்."

தடியின் முனை அந்தப் பானையில் பட்டதோ இல்லையோ, பலகை ஒரு தரம் முனகியது. இவர் பின்னால் பாய்ந்தார். சீலிங் இரண்டாகப் பிளந்து, சாக்குகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கட்டிலில் வந்து விழுந்தன. அறை முழுக்க உமி மழை. கண் தெரியவில்லை, மூச்சு விட முடியவில்லை. உமி அடங்கியபோது இரண்டு எலிகள் எங்களைத் தாண்டி ஓடின. அவ்வளவுதான். வேறு ஒருவரும் வரவில்லை.

கட்டிலின் குறுக்குச் சட்டம் நடுவால் முறிந்திருந்தது. காலை வரைக்கும் பிள்ளை படுத்திருந்த இடத்தில் மூன்று சாக்குகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

விறாந்தையில் ஏணை ஆடுகிற கயிற்றின் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாளாக நான் பயந்த பயமெல்லாம் ஒரு பயமே இல்லை, இதுதான் பயம் என்று அப்போது தெரிந்தது. அழுகையும் வரவில்லை.

பக்கத்தில் சம்பந்தி, தலை முதல் மடி வரை உமியோடு, கூப்பிய கையை இறக்காமல் இருந்தார். வாய்க்குள் போன உமியைத் துப்பினார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, உங்கட சாமி இவ்வளவு உமியையும் திண்டுபோட்டு என்னெண்டு சீறினவர்?"

முதலில் இவர்தான் சிரித்தார். பிறகு, சத்தம் கேட்டு ஓடி வந்து நின்ற தர்சினி. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நானும் சிரித்தேன். சம்பந்தி தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். (அதிலும் உமிதான்.)

பின்னேரம் ஓடாவியார் வந்து பார்த்து, தலையில் கை வைத்தார். மத்தியானம் தகரம் சூடேறி நீளும், பின்னேரம் ஆறிச் சுருங்கும், அந்த நேரத்தில்தான் "டிக்" என்னும். மேலடுக்குச் சாக்குகள் தகரத்தோடு முட்டிக்கொண்டிருந்தபடியால் அவையும் அசையும். எலி கடித்த ஓட்டையால் உமி சீற்றில் கொட்டும். அதுதான் ஸ்ஸ்ஸ்ஸ். கோயில் மணியும் அந்த நேரத்திலேயே அடித்தது என் பூர்வ புண்ணியம்.

"இடுக்கு விடச் சொன்னனான், பரவச் சொன்னனான்" என்றார் ஓடாவியார்.

"ஓம் எண்டுதான் சொன்னனான்" என்றேன்.

அன்று சம்பந்தி தர்சினியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். என்னால் மறுக்க முடியுமா? வாகனத்தில் ஏறிவிட்டுக் கதவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் ஏறுங்கோ. உங்களைத் தனிய விட்டா இனி எதை அடைப்பியளோ தெரியாது."

ஒரு மாதம் நெளுக்குளத்தில் ஏசி அறையில் இருந்தேன். அங்கே பயப்படுவதற்கு ஒன்றும் இல்லாமல் முதல் நாலு நாள் நித்திரை வரவில்லை. நான் திரும்பி வந்தபோது, ஓடாவியார் தகரத்துக்குக் கீழே வெள்ளித்தாள் மாதிரி ஒரு மெல்லிய விரிப்பை இழுத்து அடித்து, கூரை உச்சியிலும் ஓரத்திலும் சூடு வெளியே போக இடுக்கு வைத்து, அதற்குக் கம்பி வலையும் போட்டிருந்தார். புதுச் சீலிங்குக்கு மேலே ஒரு பிடி பாரம் கிடையாது. அறை இப்போதும் குளிர்ந்துதான் இருக்கிறது. தர்சினிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அதே அறைக்குத்தான் வந்தாள். கூட்டிக்கொண்டு வந்து விட்டவர் சம்பந்தி. விட்டுவிட்டு, கட்டிலில் ஏறி நின்று தும்புத்தடியால் சீலிங்கை நாலு மூலையிலும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கதை இப்போது சம்பந்தியின் சொத்து. கலியாண வீடு, சாமத்திய வீடு எங்கே கண்டாலும் அவர்தான் சொல்வார். எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது சோடாப் போத்தல் உடைத்தால், ஸ்ஸ்ஸ் என்றதும் எல்லோரும் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கையைத் தலைக்கு மேலே கூப்பி "நாகதம்பிரானே" என்பார்கள். அந்தப் பேத்திக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூட விழாவில் யாரோ சோடா திறக்க, அவள் பழக்கத்தில் எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறாள். மிகவும் பக்தியான பிள்ளை என்று ரீச்சர் சொல்லிவிட்டாராம்.

சோடா திறக்கும்போது நானும் எல்லோரோடும் கை கூப்புகிறேன். அவர்கள் சிரித்து முடித்துக் கையை இறக்கிவிடுவார்கள். என் கை இறங்கக் கொஞ்சம் பிந்தும். பாரம் தாங்காது என்று ஓடாவியார் சொன்ன அந்தப் பலகைச் சீற்றை, பிள்ளை ஏணைக்குப் போகும் வரைக்கும் யாரோ ஒருவர் கீழேயிருந்து பிடித்துக்கொண்டுதானே நின்றிருக்கிறார்.